ரிட்ஸ் டீசலுக்கு 15 வருஷம் முடியுது. கரை ரோட்டுக்கு ஏத்த அடுத்த வண்டி எது?

வெட்டாறு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல நிக்கிறது 2010 டிசம்பர்ல அப்பா எடுத்த மாருதி ரிட்ஸ் டீசல் கார். வர்ற டிசம்பரோட ஆர்சி (பதிவுச் சான்று) முடியுது. எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டி அஞ்சு வருஷம் நீட்டலாம், இல்லன்னா மாத்தலாம். மாத்திடலாம்னுதான் வீட்டுல பேச்சு.

ஊர் திருக்கருகாவூர் பக்கம். வீட்டம்மா கும்பகோணத்துல டீச்சர், தினம் அவங்கதான் ஓட்டிட்டுப் போறாங்க. வழியில கொஞ்ச தூரம் ஆத்தங்கரை ரோடு. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், எதிர்ல ஸ்கூல் பஸ் வந்தா யாராவது ஒருத்தர் பின்னாடி போய்த்தான் ஆகணும். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது காலு வலிக்குதுங்கிறாங்க. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், தஞ்சாவூர் டாக்டர்கிட்ட அடிக்கடி கூட்டிட்டுப் போகணும். பையன் திருச்சி ஹாஸ்டல்ல. எப்பவாவது விதைநெல் மூட்டை, உரம் ரெண்டு மூட்டை பின்னாடி ஏறும்.

என் ஆசை: உசந்த சீட்டு வேணும், வண்டி சின்னதா இருக்கணும். சன்ரூஃப் வேண்டாம், நம்ம ஊர் வெயிலை மண்டையில வாங்க நான் ஏன் காசு குடுக்கணும்? வெள்ளைக் கலரும் வேண்டாம், தெருவுல எல்லா வண்டியும் வெள்ளை. பட்ஜெட் ஆன் ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 10 லட்சம், ரொம்ப இழுத்தா 11.

மன்னை டீசல்:
ரிட்ஸை ஏன் சார் விடுறீங்க? அந்த 1.3 மல்டிஜெட் எஞ்சினைத்தான் ஸ்விஃப்ட்லயும் போட்டான், டாடா விஸ்டாவுலயும் போட்டான், ஃபியட் புன்டோவுலயும் போட்டான். எந்த ஊர் ஷெட்டுக்குப் போனாலும் பொருள் கிடைக்கும், கை வைக்கத் தெரிஞ்ச ஆளும் கிடைப்பான். மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்திட்டான். இனிமே இப்படி ஒண்ணு வராது. புதுப்பிச்சு ஓட்டுங்க.

ஸ்பானர்:
15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ரூபா. முன்னாடி 600தான். அதோட பசுமை வரி. அது பெரிய செலவில்ல. எஃப்சிக்குக் காட்டற மாதிரி தேத்தறதுலதான் காசு போகும். சைடு மெம்பர் துரு, டயர், சஸ்பென்ஷன் புஷ், ஹெட்லைட் மங்கல். சார், பின் கதவுக்குக் கீழ பாடி மடிப்புல ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா மேல பேசவேண்டாம்.

டிகிரி காபி:
நான் கும்பகோணம். எனக்கும் போன வருஷம் இதே கேள்வி. வெட்டாறு சார், முதல்ல ஒரு கணக்கு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து லைஃப் டாக்ஸ், அதாவது புது வண்டிக்கு ஒரேதரம் கட்டற சாலை வரி, மாறிடுச்சு. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5லேர்ந்து 10 வரை 13, 10லேர்ந்து 20 வரை 18, அதுக்கு மேல 20. பத்து லட்சத்தைத் தாண்டின பணத்துக்கு மட்டும் 18 இல்ல, மொத்த விலைக்கும் 18. அதாவது 9.80 லட்சம் வண்டிக்கு வரி 1,27,400. 10.20 லட்சம் வண்டிக்கு 1,83,600. விலையில 40,000தான் வித்தியாசம், வரியில 56,200. அலாய் வீலு, பெரிய ஸ்கிரீனுன்னு சேல்ஸ்மேன் அடுத்த வேரியண்ட்டுக்கு இழுப்பான். அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க.

ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்ன வண்டிக்கு 18 சதவீதம் ஆயிடுச்சு, அதுக்கு மேல போட்ட செஸ் வரியும் போச்சு. நாலு மீட்டருக்குள்ள இருக்கணும், பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்கு மேல போகக்கூடாது. நாலு மீட்டர் தாண்டினா 40. அதனால எர்டிகா, கிரெட்டான்னு யாராவது வந்தா காதுல வாங்காதீங்க.

நீடா கேட்:
நான் எர்டிகான்னு சொல்லத்தான் வந்தேன் 😀
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல தினம் நிக்கிற ஆளு நான். ஆட்டோமேட்டிக் எடுங்க, வேற பேச்சே இல்ல.

மன்னை டீசல்:
டாடா நெக்ஸான் டீசல், மஹிந்திரா 3எக்ஸ்ஓ டீசல் ரெண்டும் நாலு மீட்டருக்குள்ளதான். டீசல் ஓட்டின காலு பெட்ரோல்ல நிக்காது, சொல்லிட்டேன்.

டெல்டா மருமகள்:
தினம் ஓட்டப்போவது ஒரு பெண், ஆனால் இதுவரை எழுதிய யாருமே அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்கலை. நானும் கரை ரோட்டில் தினம் ஓட்டுகிறவள். எங்களுக்கு வேண்டியது குதிரைசக்தி இல்லை. வண்டியோட அகலம். கம்பெனி தரும் அளவுகளை எழுதுகிறேன், மில்லிமீட்டரில், கண்ணாடி சேராமல். வேகன்ஆர் 1620. உங்க ரிட்ஸ் 1680. இக்னிஸ் 1690. எக்ஸ்டர் 1710. பஞ்ச் 1742. நெக்ஸான் 1804. நெக்ஸானுக்கும் வேகன்ஆருக்கும் நடுவில் 18 செ.மீ. கிட்ட வித்தியாசம். எதிரில் அறுப்பு மிஷினை ஏத்தின லாரி வரும்போது அந்த 18 செ.மீ.யில்தான் என் இடது சக்கரம் தாரிலா, கரை மண்ணிலா என்பது இருக்கிறது. மழை நாளில் கரை விளிம்பு மண் குழைந்து கிடக்கும், ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி வயல் பக்கம் சாயும்.

அடுத்தது, ஊர்த் தெருவிலிருந்து கரைக்கு ஏறும் ஏற்றம். மேலே ஏறும்வரை ரோட்டில் என்ன வருதுன்னே தெரியாது, பானெட் மட்டும்தான் தெரியும். குட்டையான பானெட்டும் உசந்த சீட்டும் இருந்தால் சட்டென்று ரோடு தெரியும். டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசல் பைபாஸில் எடுக்காதீங்க. ஊருக்குக் கொண்டுவரச் சொல்லுங்க, வருவாங்க. அந்த ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பாருங்க. ஓட்டுவது உங்க வீட்டம்மாவாக இருக்கட்டும்.

ஸ்பானர்:
மருமகள் மேடம் சொன்னது சரி. ஆட்டோமேட்டிக்ல ஏஎம்டின்னு ஒரு வகை, அதுல உள்ள இருக்கறது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டாரு மிதிக்குது. ஏத்தத்துல ஆக்சிலேட்டரை லேசா பிடிச்சு நிறுத்தி வைக்கக்கூடாது, கிளட்ச் தேயும். பிரேக்கை மிதிச்சு நிக்கணும், ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கணும். அதைப் பழகிட்டா ஏஎம்டி போதும், விலையும் குறைவு.

புது டீசல் பத்தி ஒரு வார்த்தை. பிஎஸ்6 டீசல்ல சைலன்சர் வழியில கரி பிடிக்கிற வடிகட்டி இருக்கு, டிபிஎஃப்னு சொல்வோம். கரி நிறைஞ்சா அதைச் சூடேத்தி எரிக்கணும். அதுக்கு வண்டி நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் நிக்காம ஓடணும். கரை ரோட்டுல முப்பதுல போய், டவுன்ல இருபதுல ஊர்ந்துட்டு வர்ற வண்டிக்கு அது முடியாது. லைட் எரியும், அப்புறம் பவர் குறையும், அப்புறம் என்கிட்ட வருவாங்க. மன்னை அண்ணன் மாசாமாசம் மெட்ராஸ் போறவர், அவருக்கு டீசல் ஒத்துவரும்.

மன்னை டீசல்:
ஸ்பானர், நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வேண்டாம். ஒத்துக்கறேன். ஆனா பிக்கப்பு பிக்கப்புதான்.

ஸ்பானர்:
இன்னொண்ணு, இதை எல்லாருமே படிங்க. தை, மாசி, பங்குனியில ரோட்டுல வைக்கோல் காயும், உளுந்துச் செடி, எள்ளுச் செடி பரப்பிப் போட்டு வண்டி ஏறட்டும்னு விடுவாங்க. அது அடியில டிரைவ் ஷாஃப்ட்ல கயிறு மாதிரி சுத்திக்கும். பெட்ரோல் வண்டியில புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், டீசல்ல டிபிஎஃப், ரெண்டும் கொதிக்கிற சூடு. காஞ்ச வைக்கோல் அதுல மாட்டினா புகையும், பத்தியும் போகும். உளுந்து மேல ஓட்டினா கொஞ்ச தூரத்துலயே இறங்கி அடியில குனிஞ்சு பாருங்க. வைக்கோல் மேல நிறுத்தவே நிறுத்தாதீங்க. தரையிலேர்ந்து உசந்த வண்டி இருந்தா இந்தத் தொல்லை கொஞ்சம் குறையும், தீந்துபோகாது.

மின்வண்டி தஞ்சை:
வைக்கோல் சைலன்சர் சூட்டுல பத்திக்கிற கவலை இல்லாத வண்டி ஒண்ணு இருக்கு, யாரும் பேர் சொல்லலை. நான் டாடா டியாகோ ஈவி, அதாவது கரண்ட் கார் ஓட்டறேன், 24 கிலோவாட் ஹவர் பேட்டரி. நிஜத்துல 200 கி.மீ. கிட்ட வருது. கும்பகோணம் போய்வர அது தாராளம். 15 ஆம்ப் பிளக் பாயிண்ட்ல ராத்திரி சொருகினா காலையில நிறைஞ்சிடும். கிளட்ச் இல்ல, கியர் இல்ல, ஏத்தத்துல அப்படியே ஏறும். டீச்சரம்மா காலுக்கு இதைவிட நல்லது கிடையாது.

வேதை உப்பு:
கஜா புயலுக்கு அப்புறம் எங்க ஊர்ல கரண்ட் வர எவ்வளவு நாள் ஆச்சுன்னு தெரியுமா தம்பி? 2018 நவம்பர் 16 விடியக்காலம் அடிச்சுது. கம்பம் எல்லாம் படுத்துடுச்சு. எங்க தெருவுக்கு லைட்டு வர வாரக்கணக்குல ஆச்சு. அப்ப உன் வண்டியை எதுல சொருகுவ?

மின்வண்டி தஞ்சை:
அண்ணே, அப்ப பெட்ரோல் பங்குலயும் வரிசை நின்னுது. வருஷா வருஷம் கஜா வருதா? ஆனா ஒண்ணு, வேதாரண்யத்துல இருந்தா நானும் யோசிச்சிருப்பேன். உள்ளூர் தஞ்சாவூர்ல இருக்கறதால துணிஞ்சேன். இன்னொரு விஷயம், வயல் பம்ப்செட்டுக்கு வர்ற இலவச மின்சாரத்துல கார் சார்ஜ் போடலாமான்னு என்னை நாலு பேர் கேட்டாச்சு. போடக்கூடாது, அது விவசாயத்துக்கு மட்டும்.

வெட்டாறு:
ஈவி ஆசை எனக்கும் உண்டு. ஆனா வீட்டுக்கு ஒரே வண்டி. அம்மாவை நடுராத்திரி தூக்கிட்டு ஓடவேண்டி வந்தா சார்ஜ் இருக்கான்னு யோசிச்சு நிக்க முடியாது. அடுத்த வண்டியா வேணா எடுக்கலாம்.

சிஎன்ஜி பத்தி யாராவது சொல்லுங்க. செலவு குறையும்னு ஒரு நண்பர் விடாம சொல்றார்.

காரை02:
காரைக்கால்லேர்ந்து. சிஎன்ஜி நான் ஓட்டறேன். செலவு நிச்சயம் குறைவு. ஆனா பல வண்டியில டிக்கி முழுக்க சிலிண்டர், விதைநெல் மூட்டையை மடியில வெச்சுக்க வேண்டியதுதான். டாடா வண்டியில ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு சின்னதை டிக்கித் தரைக்குக் கீழ படுக்க வெச்சிருக்கான், அதுல கொஞ்சம் இடம் மிஞ்சும். மூணு வருஷத்துக்கு ஒருதரம் சிலிண்டரை ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு (தண்ணி அழுத்தச் சோதனை) கழட்டணும். பங்கு உங்க தினசரி வழியிலேயே இருந்தா மட்டும் எடுங்க. கேஸ் போட தனியா ஒரு பயணம் போனா மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிடும்.

அப்புறம், செகண்ட்ஸ் பாக்கறவங்களுக்கு. எங்க ஊர் பிஒய்02 நம்பர் வண்டி விலை குறைவா இருக்கேன்னு தஞ்சாவூர்க்காரங்க வாங்கிட்டுப் போறாங்க. பன்னிரண்டு மாசத்துக்கு மேல அங்க ஓடினா தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தணும். இங்கேர்ந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், அங்க வரி கட்டணும். அதையும் கூட்டிட்டு விலை பேசுங்க.

டிகிரி காபி:
செகண்ட்ஸ்னா 2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான பெட்ரோல் வண்டியா பாருங்க. இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தத் தேதிக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல ரப்பர் குழாய், சீல் எல்லாம் அதுக்கு ஏத்த பொருள்ல போட்டிருக்காங்க.

டெல்டா மருமகள்:
அம்மா விஷயத்துக்கு வர்றேன். முழங்கால் வலிக்காரங்களுக்குச் சீட் உயரம்தான் எல்லாம். செடான் என்றால் குனிந்து விழணும், எழும்போது முட்டியில் முழு பாரம். பெரிய எஸ்யூவி என்றால் காலைத் தூக்கி ஏறணும், புடவையோடு அது இன்னும் கஷ்டம். நின்றபடி பின்னால் சாய்ந்தால் சீட் தானாக வந்து ஏந்துகிற உயரம்தான் சரி. வேகன்ஆர் அதில் கெட்டி. அடுத்து, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்குதுன்னு பாருங்க. பஞ்ச், ஆல்ட்ராஸ் ரெண்டிலும் கதவு 90 டிகிரி திறக்கும், பக்கத்தில் ஆள் நின்று கை கொடுத்து உட்கார வைக்கலாம். இக்னிஸ் வெளிப்பார்வைக்கு அழகு, ஆனால் அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீங்க.

அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கச் சொல்லுங்க. உட்கார்ந்த உடனே எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்கும்.

டிகிரி காபி:
வேகன்ஆர் பேர் வந்துட்டதால கேக்கறேன். 2023ல வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அதுக்கு ஒரு நட்சத்திரம்தான் குடுத்துச்சு. இக்னிஸுக்கும் 2022ல ஒண்ணுதான். பஞ்ச் 2021லயே அஞ்சு. இப்ப வேகன்ஆர்ல ஆறு ஏர்பேக் வருது, சரி, ஆனா ஏர்பேக் எண்ணிக்கையும் பாடி உறுதியும் ஒண்ணில்ல. கரை ரோட்டுல 30ல போறவருக்குப் பரவாயில்ல. பையனைப் பாக்க திருச்சி ஹைவேயில 90ல போறப்ப?

நீடா கேட்:
கேட்டுல நிக்கிறப்ப எல்லா வண்டியும் அஞ்சு நட்சத்திரம்.

வேதை உப்பு:
நீ முதல்ல கேட்டைத் தாண்டு, அப்புறம் பேசலாம்.
வெட்டாறு சார், எது எடுத்தாலும் அடியில ஆன்ட்டி ரஸ்ட் அடிக்க மறக்காதீங்க. உங்க பக்கம் உப்புக்காத்து இல்ல, ஆனா ஈரம் இருக்கு. எங்களுக்கு மாசம் ஒருதரம் அடிப்பாகத்தை நல்ல தண்ணியில பீச்சி அடிக்காட்டி ரெண்டு மழைக்காலத்துல ஓட்டை.

ஸ்பானர்:
துருவைவிட எலி. சம்பா அறுப்பு முடிஞ்சதும் வயல்ல இருக்கற எலியெல்லாம் ஊருக்குள்ள வரும். சூடா, இருட்டா ஒரு இடம் வேணும் அதுக்கு, எஞ்சின் ரூமைவிட நல்ல இடம் எது? எங்க ஷெட்டுக்கு அந்த மாசங்கள்ல வர்ற பாதி வேலை கடிச்ச வயருதான். ஏசி ஃபில்டர் பெட்டிக்குள்ள நெல்லுமணி குவிச்சு வெச்சு, மேல பஞ்சைப் பரப்பிக் குட்டி போட்டிருந்ததைப் போன பங்குனியில எடுத்தேன். வண்டிக்காரர் ஏசியில வாடை வருதுன்னுதான் கொண்டுவந்தார். ரசகற்பூரம், புகையிலை எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். எஞ்சின் ரூமுக்குக் கீழ்ப்பக்க ஓட்டைகளுக்கு இரும்பு வலை அடிக்கணும், ராத்திரி பானெட்டைத் திறந்து வெச்சு வெளிச்சம் விழ விடணும். நெல் மூட்டை அடுக்கின இடத்துக்குப் பக்கத்துல நிறுத்தக்கூடாது. புது வண்டியில எல்லாமே சென்சார். ஒரு வயர் போனா பல சமயம் முழு கிட்டையே மாத்தச் சொல்லுவாங்க.

டிகிரி காபி:
அதனால இன்சூரன்ஸ்ல ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காம காசு தர்றது), இன்ஜின் புரொடெக்ட் ரெண்டும் போடுங்க. எலிக்கடி சேருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. மழைக்காலத்துல தண்ணிக்குள்ள நின்னுபோனா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறியிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண பாலிசியில அதுக்குக் காசு வராது, அதுக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட்.

ரிட்ஸ் பாலிசியில உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு இருக்கு? அஞ்சு வருஷம் கிளெய்ம் பண்ணலேன்னா 50 சதவீதம் தள்ளுபடி. அது வண்டிக்குச் சொந்தமில்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய வண்டியை வித்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கடிதம் வாங்கினா புது வண்டிப் பாலிசியில கழிச்சுக்கலாம், மூணு வருஷம் வரை செல்லும். ஷோரூம்ல இதை அவங்களா சொல்லமாட்டாங்க. எனக்கும் சொல்லலை, நானா கேட்டேன்.

வெட்டாறு:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் அலைஞ்சாச்சு. சொல்றேன்.

ஸ்பானர் சொன்னபடி ஸ்க்ரூடிரைவரால குத்தினேன். இடது பக்கம் கெட்டி, வலது பக்கம் பின் கதவுக்கீழ உள்ள போயிடுச்சு. அதனால புதுப்பிக்கிற பேச்சை விட்டாச்சு.

வேகன்ஆர், எக்ஸ்டர், பஞ்ச் மூணையும் ஏஎம்டியில ஊருக்கு வரவழைச்சோம். இக்னிஸ் அம்மா பின் சீட்டுலேர்ந்து இறங்கப் பட்ட பாட்டைப் பாத்ததும் ஷோரூம்லேயே வேண்டாம்னு ஆச்சு. அம்மாவுக்கு மூணுல சுலபம் வேகன்ஆர்தான், யார் கையும் பிடிக்காம ஏறினாங்க. பஞ்ச்ல காலை ஒரு பிடி கூடத் தூக்கணும், ஆனா கதவு அகலமா திறக்கறதால நான் பக்கத்துல நின்னு தோள் குடுக்க முடிஞ்சுது. எக்ஸ்டர் ரெண்டுக்கும் நடுவுல.

வீட்டம்மா மூணையும் கரையில ஓட்டினாங்க. மதகுகிட்ட ரோடு ரொம்பக் குறுகும், அங்கே வேணும்னே ஒரு டிராக்டருக்கு எதிர்ல போய் நின்னாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். வேகன்ஆர் நூலா ஒதுங்கிச்சு. பஞ்ச்லயும் சமாளிச்சாங்க, ரிட்ஸைவிட ஒரு பக்கத்துக்கு மூணு செ.மீ.தானேன்னாங்க. எக்ஸ்டர் எஞ்சின் நாலு சிலிண்டர், சத்தமே இல்ல, எனக்கு அதுதான் பிடிச்சுது.

நட்சத்திர விஷயத்தை வீட்டுல ரொம்ப நேரம் பேசினோம். பையன் போன்ல ஒரே பிடி, பஞ்ச் தவிர எதுவும் வேண்டாம்னு. நான் எக்ஸ்டர்னேன். அம்மாவைக் கேட்டா, "நான் என்னிக்கோ ஏறி இறங்கறவ, தினம் ஓட்டறவளைக் கேளு"ன்னுட்டாங்க. வீட்டம்மா பஞ்ச்னாங்க. 10 லட்சக் கோட்டுக்குள்ள நிக்கிற வேரியண்ட், சன்ரூஃப் இல்லாதது. கலர்ல மட்டும் என் பேச்சு நடந்துச்சு, வெள்ளை இல்ல.

மன்னை டீசல்:
வாழ்த்துகள் சார். ரிட்ஸை எக்ஸ்சேஞ்சுல குடுக்கறீங்களா? என்ன விலை சொல்றான்?

வெட்டாறு:
எக்ஸ்சேஞ்சுல அடிமாட்டு விலை கேக்கறான். துரு இருக்கறதை நான் மறைக்கலை. எஞ்சின் மட்டும் தங்கம்.

மன்னை டீசல்:
அப்ப எனக்குக் குடுங்க. துருவை வெட்டி ஒட்டிக்கலாம், எஞ்சின்தான் எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை ஸ்பானரையும் கூட்டிட்டு வர்றேன், அவர் சொல்ற விலைக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்.

ஸ்பானர்:
வர்றேன். ஆனா பேர் மாத்தற வேலையை டிசம்பருக்கு முன்னாடி முடிச்சிடுங்க. ஆர்சி காலாவதி ஆனப்புறம் மாத்தணும்னா முதல்ல எஃப்சி காட்டிப் புதுப்பிக்கணும், யார் செலவுன்னு உங்களுக்குள்ள தகராறு வரும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்ட்டிபிகேட் மூணையும் எடுத்து வைங்க. ஜாக்கியும் வைங்க, என்னுது ஆயில் ஒழுகுது.

டிகிரி காபி:
வித்த கையோட அந்த நோ கிளெய்ம் கடிதத்தை வாங்கிடுங்க சார். புது வண்டி பாலிசி போடறதுக்கு முன்னாடி.